பழைய காருக்கு எல்ஈடி பின்விளக்கு: வீட்டிலேயே செய்து முடிக்க முழுமையான வழிகாட்டி

மழை பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம். கொழும்பில், பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விழுந்து நிற்கிறேன். பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, பிளாஸ்டிக் திரையை விலக்கித் தலையை நீட்டினார். "அண்ணே, உங்கட பிரேக் லைட் பத்துதா இல்லையா எண்டே தெரியேல்ல. கொஞ்சம் விட்டிருந்தா அடிச்சிருப்பன்."

வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு பல்பும் எரிகின்றன. என்னுடையது எண்பதுகளின் தொடக்கத்து நிசான் சன்னி. ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு உதிர்ந்து, லென்ஸ் வெயிலில் மங்கி, எர்த் (மின்சாரம் காரின் பாடி வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் இணைப்பு) துருப்பிடித்துக் கிடந்தது. பல்பின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால் பத்தரை வோல்ட். பற்றரியில் பன்னிரண்டரை இருக்கிறது. இடையில் இரண்டு வோல்ட்டை துரு தின்றுவிட்டது.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய காரை விற்க நினைத்தவர்களும் விற்காமல் வைத்துப் பழுதுபார்த்து ஓடினோம். அப்படி ஓடும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன். சோல்டரிங் அயனைப் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

முதல் வேலை எல்ஈடி அல்ல

டிக்கியைத் திறந்து, விளக்கின் எர்த் வயர் பாடியில் பூட்டியிருக்கும் இடத்தைத் தேடுங்கள். திருகாணியைக் கழற்றி, வயர் முனையையும் அது உட்காரும் தகட்டையும் பளபளக்கும்வரை எமரித்தாளால் தேய்த்து, கொஞ்சம் கிறீஸ் தடவி இறுக்கிப் பூட்டுங்கள். பல்பு உட்காரும் ஹோல்டரின் உள்ளேயும் அப்படியே. எனக்கு இதைச் செய்ததும் பத்தரை வோல்ட் பன்னிரண்டைத் தாண்டியது. சிலருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும். முடிந்தால் நல்லது, மிச்சத்தை வாசிக்க வேண்டாம்.

எனக்கு ரிஃப்ளெக்டர் செத்துப்போயிருந்ததால் முடியவில்லை. அடுத்ததாக எல்லோரும் செய்யும் பிழையை நானும் செய்தேன். கடையில் ஆயத்தமாக விற்கும் எல்ஈடி பல்பு ஒரு சோடி வாங்கிப் பூட்டினேன். பகலில் அழகாக இருந்தது. இரவில் பார்க் லைட்டைப் போட்டுவிட்டு பிரேக்கை மிதித்தால், பின்னால் நின்ற தம்பி "மிதியுங்கோ, மிதியுங்கோ" என்கிறான். நான் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பார்க்குக்கும் பிரேக்குக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதோடு அது வெள்ளை எல்ஈடி. வெள்ளை எல்ஈடியின் ஒளியில் சிவப்பின் பங்கு குறைவு. சிவப்பு லென்ஸ் மற்ற நிறங்களை மறித்துவிடும்போது வெளியே வருவது சொற்பம். சிவப்பு லென்ஸுக்குப் பின்னால் சிவப்பு எல்ஈடி, மஞ்சளுக்குப் பின்னால் மஞ்சள் எல்ஈடி, ரிவர்ஸுக்கு மட்டும் வெள்ளை. இதில் மாற்றமில்லை.

பின்விளக்கில் எவ்வளவு வெளிச்சம் என்பதைவிட எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். ஒரே குமிழுக்குள் பிரேக்குக்கும் பார்க்குக்கும் தனித்தனி இழை உள்ள பழைய 21/5 வாட் பல்பை எடுங்கள். வாட் கணக்கில் பிரேக் இழை பார்க் இழையைவிட நாலு மடங்குதான். ஆனால் வெளிவரும் ஒளியை லூமனில் அளந்தால் பிரேக்குக்கு ஏறக்குறைய 440, பார்க்குக்கு 35. பன்னிரண்டு மடங்குக்கு மேல்! ஐரோப்பிய விதியிலும் பிரேக் லைட் குறைந்தது 60 கண்டெலா (ஒரு திசையில் போகும் ஒளியின் அளவு), பார்க் லைட் குறைந்தது 4 கண்டெலா. பல்புக்குப் பதிலாக விளக்குக் கூட்டுக்குள் வைக்க, எல்ஈடிகளைப் பதித்து நாம் செய்யப்போகும் போர்ட்டும் அந்தப் பன்னிரண்டு மடங்கைத் தரவேண்டும். கீழே வரும் கணக்கு முழுக்க அதற்காகத்தான்.

எதை எங்கே வாங்குவது

பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் உங்கள் காருக்குரிய பழைய பின்விளக்கு ஒரு சோடி தேடுங்கள். தெல்கந்தைப் பக்கமும் கிடைக்கும். ரிஃப்ளெக்டர் கறுத்திருந்தாலும் பரவாயில்லை, லென்ஸ் வெடிக்காமல் இருக்கவேண்டும். காரில் இருக்கும் விளக்கை உடைத்து வேலை செய்யப் போனால், வேலை இழுபடும் நாட்களில் கார் ஓடாது. அப்படி இரண்டு கிழமை பஸ்ஸில் போன அனுபவம் எனக்குண்டு.

இலெக்ட்ரோனிக் சாமான் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவிலும் அதைச் சுற்றியும் எடுக்கலாம். காலையிலேயே போங்கள், பத்து மணிக்குப் பிறகு நடக்க இடம் இருக்காது. ஒரு பக்க விளக்குக்கு:

சிவப்பு எல்ஈடி 36, மஞ்சள் எல்ஈடி 24. நாலு கால் உள்ள சதுர வகையைக் கேளுங்கள். ஐந்து மில்லிமீட்டர் உருண்டைத் தலை எல்ஈடி மலிவுதான், ஆனால் அதன் ஒளி டோர்ச் அடித்ததுபோல் நேரே போகும். பக்கத்து வழித்தடத்தில் வருபவருக்கு ஒன்றும் தெரியாது.
390 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் 25. பாடசாலையில் தடையி என்று படித்த அதே சாமான்.
மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் 1என்4007 டயோட் ஐந்தாறு.
திடீர் வோல்ட் உயர்வை வாங்கிக்கொள்ளும் பி6கேஈ20ஏ என்ற டிவிஎஸ் டயோட் இரண்டு.
வெரோ போர்ட் (துளைகளும் செம்புக் கோடுகளும் உள்ள பலகை), ஒரு அம்பியர் பியூஸும் அதன் கூடும், இரண்டு மூன்று நிறத்தில் வயர், 60/40 சோல்டரிங் ஈயம்.
எரிந்துபோன 21/5 பல்பு ஒன்று, 21 பல்பு ஒன்று. இவை எதற்கென்று பிறகு சொல்கிறேன். தெரிந்த ஓட்டோ இலெக்ட்ரீஷியனிடம் கேட்டால் குப்பைப் பெட்டியைக் காட்டி எடுத்துக்கொள்ளச் சொல்வார்.

கணக்கு

பன்னிரண்டு வோல்ட் கார் என்று சொல்கிறோமே தவிர, எஞ்சின் ஓடும்போது வயரில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். எஞ்சின் நின்றால் 12.6, பற்றரி களைத்தால் 12. எல்ஈடிக்கு இந்த ஏற்ற இறக்கம் பிடிக்காது. வோல்ட் கொஞ்சம் கூடினாலும் அதற்குள் ஓடும் மின்னோட்டம் தாவி ஏறும். ரெசிஸ்டர்தான் அதைக் கட்டிப்போடுகிறது.

சிவப்போ மஞ்சளோ, ஒரு எல்ஈடி எரிய ஏறக்குறைய 2.1 வோல்ட் எடுக்கும். மூன்றைத் தொடராகக் கோத்தால் 6.3. வழியில் இருக்கும் டயோட் 0.7 எடுக்கும். 14.4 இலிருந்து இரண்டையும் கழித்தால் 7.4 வோல்ட் மிச்சம். அதை ரெசிஸ்டர் விழுங்கவேண்டும். 20 மில்லிஅம்பியருக்கு மேல் போகக்கூடாது என்று வைத்தால் 7.4 ஐ 0.02 ஆல் வகுக்க 370 ஓம் வருகிறது. கடையில் கிடைக்கும் அடுத்த பெறுமானம் 390. அதில் 19 மில்லிஅம்பியர் ஓடும். ரெசிஸ்டரில் வெப்பமாகப் போவது 0.14 வாட். கால் வாட் தாங்கும் என்றாலும் மூடிய கூட்டுக்குள், கொழும்பு வெயிலில், அரை வாட் போடுங்கள்.

ஐந்தைத் தொடராகக் கோத்தால் ரெசிஸ்டர் குறையுமே, வீண் வெப்பமும் குறையுமே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் முதலில் செய்தேன். 14.4 வோல்ட்டில் அருமையாக எரிந்தது. எஞ்சினை நிறுத்தி, பற்றரி 12 வோல்ட்டில் இருக்கும்போது கணக்குப் பாருங்கள்: ஐந்து எல்ஈடிக்கு 10.5, டயோட்டுக்கு 0.7, மிச்சம் 0.8 வோல்ட். மின்னோட்டம் 20 இலிருந்து 5 மில்லிஅம்பியருக்கு விழுந்துவிடும். மூன்று எல்ஈடி வரிசையில் அதே நிலையில் 13 மில்லிஅம்பியர் வரை ஓடும். நெரிசலில் எஞ்சின் நின்றுபோய் நடுவீதியில் நிற்கும்போதுதான் பின்விளக்கு நன்றாக எரியவேண்டும். ஆகவே மூன்று.

ஒவ்வொரு வரிசைக்கும் தனி ரெசிஸ்டர். பன்னிரண்டு வரிசைக்கும் சேர்த்து ஒரே பெரிய ரெசிஸ்டர் போடும் யோசனை வேண்டாம். எல்ஈடிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. கொஞ்சம் குறைந்த வோல்ட்டிலேயே எரியும் வரிசை கூடுதலாக இழுத்து முதலில் சாகும், அதன் பங்கை அடுத்தது ஏற்கும், அதுவும் சாகும்.

சரி, பார்க்கும் பிரேக்கும் எப்படி? பன்னிரண்டு வரிசைகளின் தலைகளையும் ஒரே செம்புக் கோட்டில் சேருங்கள். அதைப் பொதுக்கோடு என்போம். பிரேக் வயர் ஒரு 1என்4007 வழியாக நேரே பொதுக்கோட்டுக்கு வரும். பார்க் வயர் இன்னொரு 1என்4007, அதன்பின் ஒரு 390 ஓம், பிறகு பொதுக்கோடு. இந்த ஒற்றை ரெசிஸ்டர் வழியாகத்தான் பன்னிரண்டு வரிசைக்கும் மின்னோட்டம் போகவேண்டும். மொத்தம் 20 மில்லிஅம்பியர்போல் வரும். வரிசை ஒன்றுக்கு 1.6. பிரேக்கில் 19. இரண்டையும் வகுத்துப் பாருங்கள், பன்னிரண்டு மடங்குக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதுவும் ஒரே பெறுமான ரெசிஸ்டரைக் கொண்டு. இது வந்து விழுந்தபோது எனக்குத் தனியாக ஒரு சிரிப்பு.

அந்த இரண்டு டயோட்டுகளையும் விட்டுவிட்டால், பார்க் லைட்டைப் போட்டதும் மின்சாரம் பிரேக் வயர் வழியாகப் பின்னோக்கி ஓடி வேறெதையாவது எரிய வைக்கும். டிவிஎஸ் டயோட் பொதுக்கோட்டுக்கும் எர்த்துக்கும் இடையில், கோடு போட்ட முனை பொதுக்கோட்டுப் பக்கம். பழைய காரில் பற்றரி முனை லூசாகிக் கழன்றால் அல்டர்நேட்டர் ஒரு கணத்துக்குப் பல பத்து வோல்ட் உயர்வைத் தள்ளும். அதை இது தன் தலையில் வாங்கிக்கொள்ளும்.

மஞ்சள் சிக்னலுக்கு எட்டு வரிசை, அதே மூன்று எல்ஈடி, அதே 390. இங்கே ஒரே நிலைதான், ஆகவே ஒரு டயோட் போதும்.

மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். பற்றரியின் எந்த முனை பாடியில் பூட்டியிருக்கிறது? அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பொசிடிவ் முனைதான் எர்த். பல்புக்கு அது கவலையில்லை, எல்ஈடிக்கு உண்டு. உங்களுக்கு டயோட், எல்ஈடி, டிவிஎஸ் எல்லாமே மறுபக்கம் திரும்பவேண்டும்.

கூட்டைத் திறப்பது

சில விளக்குகளில் லென்ஸ் திருகாணியில் நிற்கும், அது வரம். சிலவற்றில் டிக்கிக்குள் இருந்து பின்தட்டு முழுதாகக் கழன்று வரும், அப்படியென்றால் லென்ஸைத் தொடவே வேண்டாம். ஒட்டிய வகை என்றால் தலைமயிர் காயவைக்கும் டிரையரால் விளிம்பைச் சுற்றிச் சுற்றிச் சூடாக்கி, பசை இளகியதும் பிளாஸ்டிக் துண்டால் நெம்புங்கள். இரும்புத் திருப்புளி வேண்டாம். சூட்டுக்கும் அசையாவிட்டால் பசை அல்ல, பிளாஸ்டிக்கையே உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். மெல்லிய வாளால் விளிம்பை அறுப்பதைத் தவிர வழியில்லை.

லென்ஸைக் கழுவ சவர்க்காரத் தண்ணீர் போதும். தின்னர், பெற்றோல் பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்பு ஓடும். லென்ஸில் தேன்கூடுபோல் ஒரு பகுதி இருக்கும், அதுதான் மற்ற வாகனத்தின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது. விளக்கே எரியாத இரவிலும் உங்கள் காரைக் காட்டிக்கொடுப்பது அது ஒன்றுதான். அதற்கு நிறம் பூசவோ, கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டவோ வேண்டாம்.

போர்ட்

பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, கூட்டுக்குள் பொருந்தும்வரை அளவு பாருங்கள். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகே வெரோ போர்ட்டை வெட்டுங்கள். பிரேக் பகுதிக்கும் சிக்னல் பகுதிக்கும் இடையில் உள்ள தடுப்புச் சுவர் அப்படியே இருக்கட்டும், மஞ்சள் வெளிச்சம் சிவப்புக்குள் கசிந்தால் பார்ப்பவர் குழம்புவார்.

நாலு கால் எல்ஈடியின் கால்களுக்கிடையே 5.08 மில்லிமீட்டர். வெரோ போர்ட்டின் துளை இடைவெளி 2.54. ஒரு துளை விட்டு அடுத்ததில் கச்சிதமாக இறங்கும். ஒரு மூலை மழுங்கியிருக்கும், அதை வைத்துப் பக்கம் அறியலாம். ஆனாலும் அதை நம்பாதீர்கள். மீட்டரை டயோட் நிலையில் வைத்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள், சரியான பக்கம் என்றால் மங்கலாகச் சிவக்கும். நான் ஒருமுறை வாங்கிய பொதியில் மூன்று செத்தவை இருந்தன. ஒட்டிய பிறகு கண்டுபிடித்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை போயிருக்கும்.

அயன் 350 பாகை. ஒரு காலில் மூன்று விநாடிக்கு மேல் வைக்காதீர்கள். எல்லாவற்றிலும் முதலில் ஒரு காலை மட்டும் ஒட்டி, போர்ட்டைக் கண்மட்டத்தில் பிடித்து, சாய்ந்து நிற்பவற்றை நேராக்கி, பிறகு மிச்சக் கால்கள். ரெசிஸ்டர்களைப் பின்பக்கம், போர்ட்டிலிருந்து கொஞ்சம் உயர்த்தி ஒட்டினால் காற்றோட்டம் இருக்கும்.

இப்போது அந்த எரிந்த பல்புகள். தடித்த துணியில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சுத்தியலால் மெல்லத் தட்டிக் குமிழை உடைத்து, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்தால் பித்தளை அடிப்பாகம் மட்டும் மிஞ்சும். 21/5 இன் அடியில் இரண்டு ஈயப் பொட்டுகள்: ஒன்று பிரேக், ஒன்று பார்க். உடல் எர்த். எது எது என்று காரில் மீட்டரை வைத்து உறுதிசெய்து, உள்ளிருந்து வயர்களை அவற்றில் ஒட்டுங்கள். பிரேக், பார்க் இரண்டும் தனித்தனி வயரில் வருவதால் அந்தப் பக்கம் ஒரே பியூஸைப் பகிர முடியாது, ஆகவே இரண்டுக்கும் பொதுவான போர்ட்டின் எர்த் வயரில் பியூஸைப் போடுங்கள். 21 பல்பின் அடிப்பாகம் அதேபோல் சிக்னல் போர்ட்டுக்கு. அடிப்பாகத்தைப் பழைய ஹோல்டரில் செருகித் திருப்பினால் முடிந்தது. காரின் ஒரு வயரையும் வெட்டவில்லை. வழியில் ஏதாவது நடந்தால் இந்த அடிப்பாகத்தைக் கழற்றி, ஒரு பழைய பல்பைச் செருகி வீட்டுக்கு வரலாம்.

பூட்டுமுன் மேசையில் பாருங்கள். 12.6 வோல்ட் பற்றரியில் பிரேக் பக்கம் 170 மில்லிஅம்பியர் சுற்றிவர இழுக்கவேண்டும். நன்றாகக் குறைந்தால் ஏதோ வரிசை திரும்பிக் கிடக்கிறது. கூடினால் எங்கோ ஈயம் பாலம் கட்டியிருக்கிறது. ஒரு மணிநேரம் எரியவிட்டுத் தொட்டுப் பாருங்கள். சூடு இருக்கும், விரலை இழுக்கவைக்கும் சூடு இருக்கக்கூடாது.

தண்ணீர்

இதில்தான் என் முதல் சோடி போனது. வெள்ளவத்தையில் கடல் எங்கள் வீட்டிலிருந்து நூறு யார். உப்புக்காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும். அதனால் கைக்கு அகப்பட்ட சிலிக்கோனால் போர்ட் முழுவதையும் மெழுகினேன். பூசும்போது வினாகிரி மணம் வந்தது, பொருட்படுத்தவில்லை. மூன்று மாதத்தில் செம்புக் கோடுகள் பச்சை பூத்துப் பாதி வரிசைகள் அணைந்துவிட்டன. அந்த மணம் அசற்றிக் அமிலம்; சிலிக்கோன் காயும்போது வெளிவிட்டுச் செம்பை அரிக்கிறது. குழாயில் நியூட்ரல் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். போர்ட்டின் பின்பக்கத்துக்கு அதைவிட நல்லது, இதற்கென்றே விற்கும் பாதுகாப்பு வார்னிஷை இரண்டு தடவை அடிப்பது. அடிக்குமுன், ஈயத்தால் ஒட்டும்போது படிந்த பிளக்ஸ் என்ற பிசினைக் கழுவி உலரவிடுங்கள்.

அடுத்தது, கூட்டை முற்றாக அடைக்காதீர்கள். பழைய 21 வாட் பல்பு தன் சூட்டால் உள்ளே சேரும் ஈரத்தை விரட்டிக்கொண்டிருந்தது. நம் போர்ட் முழு வேகத்தில் எரிந்தாலும் மூன்று வாட்டுக்குக் கொஞ்சம் கூட. உள்ளே போன ஈரம் அங்கேயே குடியிருக்கும். கூட்டின் அடியில் இருக்கும் வடிதுளையைக் கம்பியால் சுத்தம் செய்து திறந்து விடுங்கள். லென்ஸின் மேல் விளிம்பும் பக்கங்களும்தான் இறுக்கமாக இருக்கவேண்டும்.

சிக்னல் வேகம்

பூட்டி சிக்னலைப் போட்டால் ஒன்றில் மின்னாது, அல்லது பைத்தியம் பிடித்ததுபோல் படபடக்கும். சிக்னலை விட்டு விட்டு மின்னவைக்கும் பழைய பிளாஷர், பல்பின் பெரிய மின்னோட்டத்தை நம்பி வேலைசெய்வது; நம் எல்ஈடி இழுப்பதை அது கணக்கிலேயே எடுக்காது. சில கராஜ்களில் 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டரைப் பக்கத்தில் பூட்டிச் சமாளிப்பார்கள். அது 30 வாட்டுக்கு மேல் வெப்பம் தள்ளும், டிக்கியின் விரிப்பில் பட்டால் கருகும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய பிளாஷரைக் கழற்றிக்கொண்டு பஞ்சிகாவத்தை போய், அதே கால் அமைப்பில் எல்ஈடிக்குரிய இலெக்ட்ரோனிக் பிளாஷர் கேளுங்கள். பெரும்பாலும் எர்த் வயர் ஒன்று கூடுதலாக வேண்டியிருக்கும். நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் மின்னினால் சரி.

டாஷ்போர்டில் இரு பக்கத்துக்கும் ஒரே பச்சை லைட் உள்ள கார் என்றால் இன்னொரு கூத்து நடக்கலாம்: இடது போட்டால் நாலு மூலையும் மின்னும். அந்தச் சின்ன பல்பு இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவில் தொங்குகிறது, அதன் வழியே மறுபக்க எல்ஈடிக்குப் போதிய மின்சாரம் கசிகிறது. பல்பின் ஒரு முனையை எர்த்துக்கு மாற்றி, மறுமுனைக்கு இடதிலிருந்தும் வலதிலிருந்தும் தனித்தனி 1என்4007 கொடுத்தால் நின்றுவிடும்.

வீதியில் பார்ப்பது

ஒருவரைக் காருக்குள் இருத்திவிட்டு முப்பது மீட்டர் பின்னால் போங்கள். பார்க் மட்டும், பிரேக் மட்டும், இரண்டும் சேர்த்து, கூடவே சிக்னல். நேரே நின்று பார்த்துவிட்டு, இரு பக்கமும் நடந்து சரிவாகவும் பாருங்கள். இரவில் ஒரு தடவை, பின்னேரம் ஐந்தரைக்கு ஒரு தடவை. மரைன் டிரைவில் இருந்து காலி வீதிக்கு ஏறும் ஒழுங்கையில், காரின் முதுகைக் கடலுக்குக் காட்டி நிறுத்தினால் சூரியன் நேரே லென்ஸில் விழும். அந்த வெயிலிலும் பிரேக் தெரிந்தால் தேறியது.

இழை பல்பு முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய ஐந்தில் ஒரு விநாடி பிடிக்கும், எல்ஈடி உடனே எரியும். மணிக்கு 60 கிலோமீட்டரில் அது மூன்று மீட்டருக்கு மேல், ஒரு முச்சக்கரவண்டியின் நீளத்தைவிடக் கூட.

பொலிஸ் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2025 ஜனவரியில் வீதிகளில் மறித்து மேலதிக லைட்டுகளையும் அலங்காரங்களையும் கழற்ற வைத்தது நினைவிருக்கும். பின்னால் சிவப்பு, சிக்னலுக்கு மஞ்சள், ரிவர்ஸுக்கு வெள்ளை, அதே இடம், அதே வடிவம். நீலம், ஓடும் சிக்னல், மிதிக்கும்போது வெட்டி வெட்டி மின்னும் பிரேக் எதுவும் வேண்டாம். காப்புறுதிக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். முன் ஹெட்லைட்டுக்கு இதே ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். ஹலோஜனுக்கென்று செய்த ரிஃப்ளெக்டரில் எல்ஈடி பல்பு போட்டால் எதிரே வருபவர் கண்ணில்தான் அடிக்கும்.

முதல் தென்மேல் மழை முடிந்ததும் ஒரு தடவை கூட்டைத் திறந்து பாருங்கள். மூன்று எல்ஈடி சேர்ந்து அணைந்திருந்தால் ஒரு வரிசை போய்விட்டது: அந்த மூன்றையும் மீட்டரால் தொட்டு, செத்ததை மட்டும் மாற்றினால் போதும். எல்லாம் சேர்ந்து மங்கினால் போர்ட்டைத் தொடாமல், முதலில் டிக்கிக்குள் அந்த எர்த் திருகாணியைப் பாருங்கள்.